சுவரிடம் கேட்ட மன்னிப்பு

இறந்தவரின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பார்கள். என் மனைவி இஸ்மே போன இரண்டாவது மாதம் அவளுடையதை எடுத்துக்கொண்டு எங்கள் தீவின் தலைநகர் ரோடு டவுனுக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கத்தரிக்கோலால் அதன் மேல் மூலையை வெட்டினாள். பிறகு, "இத நீங்களே வெச்சுக்கிறீங்களா, மிஸ்டர் ரைமர்?" என்று கேட்டு என் கையில் கொடுத்தாள்.

மூலை போன அந்தப் பாஸ்போர்ட்டுக்குள் நான்காக மடித்த ஒரு போலீஸ் சான்றிதழை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் அவளுடையது, சான்றிதழ் என்னுடையது. இந்த ஆள் மீது இங்கே எந்தத் தண்டனையும் பதிவாகவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நாளை மறுநாள் புரூக்ளினுக்குக் கிளம்புகிறேன். அதற்குப் புதுத் தாள் வாங்கிப் பையில் வைத்தாயிற்று. இருந்தாலும் இந்தப் பழைய தாளைப் பற்றி எழுதிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் தீவு டோர்டோலா. செயின்ட் தாமஸ் எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. அங்கே அமெரிக்கக் கொடி, எங்களுக்கு வேறு கொடி, அவ்வளவுதான். என் வாலிப வயதில் பல் பிடுங்கவும் செருப்பு வாங்கவும் படகேறி அங்கேதான் போவோம். ஓர் அட்டையைக் காட்டினால் போதும். பாதி நாள் அதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். பிறகு பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள், எல்லோரும் எடுத்துக்கொண்டோம். ஆனால் பாஸ்போர்ட்டின் பலம் செயின்ட் தாமஸோடு முடிந்துவிடும். அங்கிருந்து விமானம் ஏறி, ஸ்பானிஷ் பேசும் சான் ஹுவானுக்கோ நியூயார்க்குக்கோ போக, விசா இல்லாத எங்கள் ஆட்கள் போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்றிதழையும் காட்ட வேண்டும். பெயரில் ஒரு தண்டனை இருந்தால் அந்த வழி அடைத்துவிடும். பார்படாஸில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்துக்கு விசா கேட்டு எழுதிப்போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

என் பெயரில் தண்டனை இருக்கிறது என்று நான் முப்பத்து நான்கு வருஷம் நம்பியிருந்தேன்.

அது 1979. எனக்கு இருபத்து நான்கு வயது, தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். மழை பொய்த்து வீட்டுக்கு வீடு தொட்டி வறண்டு கிடந்த மாதம். நிறைத்த லாரியோடு கேரட் பே மேட்டில் ஏறும்போது, மெதடிஸ்ட் சபை வளைவில் ஏழு ஆடுகள் நடுச்சாலையில் படுத்திருந்தன. பிரேக்கை மிதித்தேன். லாரி பின்னால் வழுக்கி, சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் இடித்து நின்றது. மூடி கழன்று பாதித் தண்ணீர் மேட்டில் ஓடியது. நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்த ஆட்டையும், ஆட்டின் தாயையும், ஆட்டுக்காரனையும், அவன் குடும்பத்தையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தேன். அந்த நேரம் பார்த்துத்தானா சபை முடிய வேண்டும்? படிக்கட்டு முழுக்க வெள்ளைத் தொப்பி வைத்த பெண்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் இறங்கி வந்து, பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் லாரி நம்பரை எழுதிக்கொண்டாள். ஆட்டுக்காரனின் மகள், இஸ்மே ஃப்ரெட்.

பொது இடத்தில் கெட்ட வார்த்தை பேசுவது எங்கள் பக்கம் குற்றம். யாராவது புகார் கொடுத்துவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அவள் கொடுத்தாள்.

அண்ணனின் கோட்டைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். முற்றத்தில் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் புகாரைப் படித்துப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "முதலில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேள்" என்றார். நான் திரும்பினேன். அவள் நேராக என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்து என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்து "மன்னிச்சிடுங்க" என்றேன். சொன்ன கையோடு வெளியே நடந்துவிட்டேன். வாசலைத் தாண்டும்போது குமாஸ்தா பெரிய பதிவேட்டில் என் பெயரை எழுதுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். அபராதம் கட்டச் சொல்லி ஆள் வரும் என்று ஒரு மாதம் எதிர்பார்த்தேன், யாரும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டதுதான் தண்டனை, அது பதிவேட்டில் ஏறிவிட்டது என்று முடிவுகட்டினேன்.

அடுத்த கோடையில் அவர்கள் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். அவள் வாசலுக்கு வந்து, "ஆடெல்லாம் கட்டிப் போட்டாச்சு, பயப்படாம உள்ள வாங்க" என்றாள். 1981இல் கல்யாணம்.

கல்யாண விருந்திலேயே ஆரம்பித்துவிட்டாள். "நான் ஒரு கைதியக் கட்டிக்கிட்டேன்" என்பாள், வருகிறவர்கள் எல்லோரிடமும். கடையில் உப்பு மறந்து வந்தால், "கைதிகிட்ட வேலை சொன்னது என் தப்பு." நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அவளுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது, தண்டனை இருப்பதால்தான் இப்படிக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விமானப் பயணம் என்ற பேச்சு வரும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. போலீஸ் நிலையத்து ஜன்னலில் போய் நின்று சான்றிதழ் கேட்டு, அவர்கள் தர முடியாது என்று சொன்னால் மத்தியானத்துக்குள் அது எங்கள் ஊர் கேரட் பே முழுக்கத் தெரிந்துவிடும். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம். அதனால், "எனக்கு ஏரோப்ளேன் ஆகாது" என்று சொல்லி வைத்தேன். நல்ல பொய், யாரும் கேள்வி கேட்கவில்லை. இஸ்மே தனியாகவே போனாள். அவள் அண்ணன் சாவுக்கு நியூயார்க், கண் பார்க்க சான் ஹுவான். எங்கள் ஒரே மகள் ஜனெல் புரூக்ளினில் கல்யாணம் செய்துகொண்டபோதும் இஸ்மே தனியாகத்தான் போனாள். நான் படகுத்துறை வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கையசைத்துவிட்டு வந்தேன். அன்று முழுக்க லாரியைக் கழுவினேன். அது கழுவ வேண்டிய நிலையில் இல்லை.

2013 மார்ச்சில் இஸ்மேயின் வயிற்றில் கட்டி என்றார்கள். சான் ஹுவானில்தான் அறுக்க முடியும், நாள் பத்தொன்பதாம் தேதி. பன்னிரண்டு நாள் இருந்தது. ஜனெலுக்கு எட்டு மாதம், அவளால் பறக்க முடியாது.

அன்று சமையலறையில் சோளமாவுக் களி கிண்டிக்கொண்டே இஸ்மே சொன்னாள்.

"இந்தத் தடவ நான் தனியாப் போகல."

"உன் தங்கச்சிய..."

"தங்கச்சியோட வயித்துக்குள்ளயா கட்டி? நீ வா. கண்ணு முழிக்கும்போது எல்லாரும் ஸ்பானிஷ்ல பேசிட்டிருப்பாங்க. நடுவுல தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணாவது வேணும், அது அசிங்கமா இருந்தாலும் பரவால்ல. நீ வரலன்னா நான் கத்தி வெச்சுக்க மாட்டேன். அவ்வளவுதான்."

அவள் அப்படிச் சொன்னால் அப்படித்தான். எனக்கு அது தெரியும்.

"இஸ்மே, என்னால வர முடியாது."

"ஒரு மாத்திரை போட்டுட்டுத் தூங்கு. அரை மணி நேரப் ப்ளேன். பயப்பட ஆரம்பிக்கிறதுக்குள்ள எறங்கிடும்."

"ப்ளேனுக்கு இல்ல."

அவள் கரண்டியை நிறுத்தினாள்.

"எனக்கு ஏரோப்ளேனுக்கு எந்தப் பயமும் கிடையாது. சான்றிதழ் தர மாட்டாங்க. அதான் என் பேர்ல இருக்கே."

"என்ன இருக்கு?"

"நீ போட்டதுதான். கேஸு."

களி அடிபிடித்தது. அவள் அடுப்பை அணைக்கவில்லை, நான்தான் அணைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஜனெல் கல்யாணத்துக்கு வராதது இதுக்காகவா?"

"ஆமா."

"சபையில உன் எடத்துல அவ சின்ன மாமா அவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரே, அது இதுக்காகவா?"

நான் அடிபிடித்த பாத்திரத்தை எடுத்துத் தண்ணீரில் வைத்தேன்.

"ஏ மனுசா, நான் அன்னிக்கே கேஸ வாபஸ் வாங்கிட்டேன்."

"என்னது?"

"நீ சுவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு ஓடினியே, அப்பவே. எழுந்து நின்னு, 'ஐயா, எனக்கு இது போதும், விட்டுடுங்க'ன்னேன். மாஜிஸ்திரேட்டு, 'அவன் உன்கிட்டக் கேக்கலயே, செவுத்துகிட்டதான கேட்டான்'ன்னார். 'செவுரு ஒத்துக்கிச்சு ஐயா'ன்னேன். கோர்ட்டே சிரிச்சுது. நீ இருந்திருந்தா நீயும் கேட்டிருப்ப."

"ஏன் வாபஸ் வாங்கின?"

"உன் கழுத்துப் பின்னாடி வேர்வை வழிஞ்சுது. கோட்டும் உன்னோடது இல்ல, தோள்ல பெருசா தொங்கிச்சு. பாவமா இருந்துச்சு."

"அப்ப ஏன் என்னைக் கைதி கைதின்னு கூப்பிட்ட?"

"நீ என் புருஷன்! வேற எப்படிக் கூப்பிடறது?" என்றாள். அப்போதுதான் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்பால் மட்டும் வரவில்லை. ஏழு வருஷத்துக்கு முந்தைய ஜனெல் கல்யாணத்துக்காக அன்று என்னைத் திட்டத் தொடங்கியவள், படகு ஏறும்வரை நிறுத்தவில்லை. நான் முழுவதையும் வாங்கிக்கொண்டேன். எனக்கு உரியதுதான்.

ஆனால் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "குமாஸ்தா என் பேர எழுதினத நான் கண்ணால பாத்தேனே" என்றேன். அவளும் யோசித்தாள். மாஜிஸ்திரேட் சரி என்று தலையாட்டியதுதான் அவளுக்குத் தெரியும். எந்த வார்த்தை பதிவேட்டில் ஏறியது என்று அவள் பார்க்கவில்லை. அந்தக் குமாஸ்தாவும் செத்துப்போய் வெகு காலமாகிறது.

"போய்க் கேளு" என்றாள். "கேக்காம நீ சேத்து வெச்சது போதும்."

மறுநாள் காலையில் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு ரோடு டவுன் போனேன். ஜன்னலில் இருந்தது கான்ஸ்டபிள் லெட்சம். ஈஸ்ட் எண்டில் மீன் விற்கும் அர்னால்ட் லெட்சமின் மகள், குரலும் அப்பாவின் குரல்தான். எனக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள்.

"மிஸ்டர் ரைமர்! யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்கும் இல்ல. நன்னடத்தைச் சான்றிதழ் வேணும்."

"எங்க போறீங்க?"

"சான் ஹுவான். இஸ்மேக்கு ஆபரேஷன்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். பாஸ்போர்ட்டையும் படத்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் நின்றேன். சுவரில் காணாமல்போன ஒரு படகின் விளம்பரம் ஒட்டியிருந்தது. அதை ஆறு முறை படித்தேன். இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"முடிஞ்சுது. நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கோங்க."

"என்ன முடிஞ்சுது?"

"பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

அங்கேயே நன்றி சொல்லித் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் முப்பத்து நான்கு வருஷமாக ஒன்றைச் சுமந்தவனுக்கு, அது இல்லை என்று இருபது நிமிஷத்தில் சொன்னால் ஒப்புமா? பயமும் இருந்தது. இங்கே விட்டுப்போனது, நாளைக்கு செயின்ட் தாமஸில் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு நிற்கும்போது கிளம்பி வந்தால் என்ன செய்வது?

"மிஸ் லெட்சம், இன்னொரு தடவ பாரும்மா. 1979. ஏப்ரல்."

"எல்லாத்தையும்தான் பாத்தேன்."

"அந்தப் பெரிய பதிவேடு? தோல் அட்டை போட்டது?"

அவள் இரண்டு கையையும் மேசையில் ஊன்றினாள். "மிஸ்டர் ரைமர், இங்க வர்றவன் எல்லாம் எதுவும் கெடச்சிடக் கூடாதுன்னு சாமி கும்பிட்டுட்டு நிப்பான். ஏன் கெடைக்கலன்னு சண்டை போடற மொதல் ஆள் நீங்கதான். அப்படி என்ன பண்ணீங்க? சொல்லுங்க."

வரிசை ஓரடி நெருங்கி வந்தது. யார் காதில் விழக் கூடாது என்று இத்தனை வருஷம் ஒளித்தேனோ, அவர்கள் அத்தனை பேரும் பின்னால் நின்றார்கள்.

"கெட்ட வார்த்தை பேசினேன்" என்றேன். "சபை வாசல்ல. ஆட்டப் பாத்து."

பின்னால் ஒருவர் இருமினார். இன்னொரு குரல், "ஆடு புகார் குடுத்துச்சா?" என்று கேட்டது. அதற்கு வேறொரு குரல், "குடுத்தது மிஸ் இஸ்மே. ஆடா இருந்தா விட்டிருக்கும்" என்றது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! பாதிப் பேருக்கு அது வாபஸ் ஆனதும் தெரிந்திருந்தது. அந்தச் சுவர் கதையை இஸ்மே கோர்ட்டில் சொன்ன வாரத்திலேயே தீவு சுற்றிச் சிரித்து முடித்திருக்கிறார்கள். என் முகத்துக்கு நேராக யாரும் சொல்லாததற்குக் காரணம், அது எனக்குத் தெரியாமல் இருக்கும் என்று யாருக்குமே தோன்றாததுதான்.

கான்ஸ்டபிள் லெட்சம் தொலைபேசியில் கோர்ட்டைக் கூப்பிட்டாள். யாரோ கீழ் அறைக்கு இறங்கிப் போய்ப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. வரிசையில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேர் தங்கள் வேலை முடிந்தும் போகவில்லை. கடைசியில் தொலைபேசி அடித்தது. அவள் கேட்டாள், ஒரு தாளில் எழுதினாள், எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"ரைமர், தியோஃபிலஸ். புகார்தாரர் வாபஸ் பெற்றார். தள்ளுபடி."

நான்கு பேரும் கைதட்டினார்கள்.

பதினேழாம் தேதி காலைப் படகில் ஏறினோம். வெஸ்ட் எண்ட் துறையை விட்டதும் அலை தூக்கிப் போட்டது. இஸ்மே வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள். செயின்ட் தாமஸ் துறையில் பாஸ்போர்ட் மட்டும் போதும், சட்டென்று விட்டுவிட்டார்கள். விமான நிலையத்தில்தான் சான்றிதழ். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி குண்டான ஒரு பெண், வேலையில் சுறுசுறுப்பு. என் தாளைப் படித்தாள், பாஸ்போர்ட்டைப் புரட்டினாள்.

"உங்க மேல எப்பவாவது கேஸு, தண்டனை ஏதாவது?"

ஒரு வார்த்தைதான் பதில். இல்லை என்று சொன்னால் போதும். கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆனால் கேஸ் என்று கேட்கிறாளே, கேஸ் இருந்ததே, தண்டனைதானே இல்லை! எதற்கு முதலில் பதில் சொல்வது என்று நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள்.

"சார்?"

"அந்தக் கேஸு நான்தாம்மா" என்றாள் இஸ்மே, சக்கர நாற்காலியிலிருந்து.

"நான் அவர்கிட்ட கேட்டேன், மேடம்."

"அவர் செவுத்துகிட்டதான் பேசுவார். 1979ல என் ஆட்டத் திட்டினார். நான் புகார் குடுத்தேன், அன்னிக்கே வாபஸ் வாங்கிட்டேன். பதிவேட்டுல பாத்தாச்சு. ரோடு டவுனுக்கு ஃபோன் போட்டா அவங்களும் சொல்வாங்க. ஆனா எங்க ப்ளேனுக்கு நாப்பது நிமிஷம்தான் இருக்கு."

அதிகாரி என்னைப் பார்த்தாள். "தண்டனை உண்டா, இல்லையா?"

"இல்ல" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. அந்த அறையே திரும்பிப் பார்த்தது. "எனக்கு எந்தத் தண்டனையும் இல்ல."

அவள் முத்திரையைக் குத்தினாள். "அடுத்தவங்க வாங்க."

விமானம் அரை மணிக்கும் குறைவுதான். ஐம்பத்தெட்டு வயதில் முதல் முறை ஏறினேன். ஜன்னலோரம் எனக்கே கொடுத்தாள். பயமே இல்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடியும் கோபம் வந்து ஜனெல் கல்யாணத்தை எடுத்தாள்.

பத்தொன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு அவளைக் கட்டிலோடு அழைத்துப் போக ஓர் ஆள் வந்தான். எலியுத் என்று சட்டையில் பெயர் இருந்தது. அவள் தன் பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்தாள், என்னுடையதோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நீண்ட தாழ்வாரம். சுற்றிலும் ஸ்பானிஷ். கதவுக்குப் பத்தடி இருக்கும்போது, "நில்லுங்க" என்று அவனுக்குக் கையைக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு என்ன திட்டின? முழுசா ஞாபகம் இல்ல. ஆட்டோட அம்மா வரைக்கும் தெரியும். அதுக்கப்புறம்?"

"இப்பவா?"

"இப்பத்தான். இங்க யாருக்குப் புரியப் போவுது? என் கண்ணப் பாத்துச் சொல்லு. செவுத்தப் பாக்காத."

கல்யாணத்துக்குப் பிறகு அவள் காதுபட ஒரு கெட்ட வார்த்தை நான் பேசியதில்லை. ஆனால் ஒரு சொல்கூட மறக்கவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் கண்ணைப் பார்த்து, ஆட்டிலிருந்து தொடங்கி அவள் அப்பா, சித்தப்பா, அந்தக் குடும்பம் கட்டிய வீடு வரை, அன்று சொன்ன வரிசையிலேயே, ஒரே மூச்சில் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள், தோள் குலுங்கியது.

முடித்ததும் எலியுத் தொண்டையைச் செருமினான். எங்கள் பேச்சிலேயே, எங்கள் பக்கத்து இழுப்போடு சொன்னான்.

"ஐயா, நான் செயின்ட் தாமஸ்ல அஞ்சு வருஷம் வேலை பாத்தேன்."

எனக்கு முகம் எரிந்தது. இஸ்மே கட்டிலில் பாதி எழுந்துவிட்டாள்.

"சாட்சி கெடச்சாச்சு!" என்றாள். "எலியுத், நீ எங்கயும் போயிடாத. வெளிய வந்ததும் கேஸு போடறேன். இந்தத் தடவ வாபஸ் கிடையாது."

அவன் சிரித்தபடியே தள்ளிக்கொண்டு போனான். கதவு மூடிய பிறகும் அவள் சிரிப்பு கேட்டது.

நான் இரண்டு பாஸ்போர்ட்டையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த அறுவை எங்களுக்குப் பதினான்கு மாதம் தந்தது. அதில் ஒரு கோடை முழுக்கப் புரூக்ளினில் பேத்தியோடு இருந்தோம். ஆனால் அன்று அந்த பெஞ்சில் எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நான்கு இருபதுக்கு அவளை வெளியே கொண்டுவந்தார்கள். உதடு வறண்டிருந்தது. கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் தேடினாள்.

"சாட்சி எங்க?" என்றாள்.